விழாத ஆமா

வில்லுப்பாட்டில் பின்பாட்டுக்காரன் வேலை, முன்னால் உட்கார்ந்து பாடுகிறவர் எதைச் சொன்னாலும் ‘ஆமா’ போடுவது. மேலதிகாரிக்கும் மாமனாருக்கும் ஆமா போட்டே தலை நரைத்தவர்களுக்கு இந்தத் தொழிலின் கஷ்டத்தை நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், என் முன்னால் தட்டுவதற்கு ஒரு குடம் இருக்கும்.

தலை போனவர் குடித்த மோர்

நான் யாரிடமும் போய்ப் படித்தவன் இல்லை. வண்ணார்பேட்டையில் ஒரு டயர் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, கோயில் திருவிழாவான கொடைக்குக் கொடை முன்வரிசையில் உட்கார்ந்து கவனித்துப் பிடித்துக்கொண்டதுதான். அப்படி இருந்த என்னைக் குடத்துக்கு முன்னால் உட்கார வைத்தவர் இசக்கிமுத்துப் புலவர். அவர் சொல்லிக் கொடுத்தவை இரண்டே. ஆமா விழுந்தால்தான் அடுத்த வரி எழும்பும் என்பது ஒன்று. கதையில் வெட்டுப்பட்டுச் செத்தவன்தான் சாமியாகிறான், ஆகையால் அந்த வெட்டைப் பாடாமல் கடைசியில் வாழ்த்தி முடிக்கும் வாழியைப் பாடக் கூடாது என்பது மற்றொன்று.

ஒரு மத்தியானக் கொடை. நல்ல சித்திரை வெயில். புலவர் கதையில் வீரனின் தலையை வெட்டியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு செம்பு மோரைக் கொண்டுவந்து வைத்தார்கள். மோரைப் பார்த்த புலவருக்கு நாக்கு வறண்டதோ என்னவோ, கதை நாலு பக்கம் பின்னால் போய்விட்டது. ‘வீரன் குதிரையை விட்டிறங்கி வயிறு குளிர மோர் குடிச்சான்’ என்றார். நான் ‘ஆமா’ என்றேன். ‘மீசையைத் துடைச்சுக்கிட்டான்’ என்றார். ‘ஆமா ஆமா’ என்றேன். வேப்ப மரத்தடியில் இருந்த ஊர்ப் பெரியவர் எழுந்துவிட்டார்.

“ஏம்வே, தலை போனவன் மோர் குடிச்சு மீசையத் தொடைக்கான், நீரும் ஆமாங்கேரு! வாயைக் குடத்துக்குள்ள அடகு வச்சிட்டேரா?”

ஆஸ்பத்திரியில்

என் மனைவி வடிவு கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆடி மாதம். டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார். உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே யாரோ துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். “அடுத்த கொடைக்குள்ள நாம வீட்டுக்குப் போயிருவோம்லா?” என்று கேட்டாள். நான் ‘ஆமா’ என்றேன். நல்ல கணீரென்றுதான் சொன்னேன், எனக்கே திருப்தியாக இருந்தது.

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“இது வில்லுல போடுத ஆமால்லா.”

எஸ்தர் கேட்டது

ஞானராஜ் சார் பாளையங்கோட்டையில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்குள்ள பழைய மிஷன் குடும்பம். ஓய்வுக்குப் பிறகு ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே ஆற்றோரம் ஒரு சின்ன வீட்டில் மகள் எஸ்தரோடு வந்து இருந்தார். அந்த ஊருக்குப் போகும் பாதையில் வரிசையாகப் பழைய மருத மரங்கள். பாதையை அகலப்படுத்த வேண்டும் என்று மரங்களில் சிவப்பு பெயின்ட் அடித்தபோது, அவற்றைக் காப்பாற்ற கோர்ட்டில் வழக்குப் போட்டவர் சார். மண் அள்ளும் இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்தவரும் அவரே.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு அவரால் வாசல் தாண்ட முடியவில்லை. ரத்தம் சுத்தம் செய்ய காரில் படுக்க வைத்துத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோவார்கள். அவரைக் கௌரவித்த மாதிரியும் இருக்கும், வசூலாகும் பணம் வைத்தியத்துக்கு உதவியாகவும் இருக்கும் என்று பழைய மாணவர்கள் சிலர் அவர் வீட்டு முன்னறையிலேயே எங்கள் வில்லுப்பாட்டை ஏற்பாடு செய்தார்கள். மருத மரங்களின் கதையைப் பாட வேண்டும் என்பது சாரின் விருப்பம்.

நாங்கள் பஸ்ஸில் போனபோது பாதையோரம் மரங்கள் இல்லை. அடிக்கட்டைகள்தான் இருந்தன. வெட்டிய இடம் இன்னும் ஈரமாகச் சிவந்து கிடந்தது. முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊரெல்லாம் வேதக்கோயிலில் ஆராதனைக்கு இருந்த நேரத்தில், பாதை வேலை எடுத்த குத்தகைக்காரரின் ஆட்கள் வந்து ரம்பம் போட்டிருக்கிறார்கள். புலவர் பஸ்ஸை விட்டு இறங்கி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலிலேயே எஸ்தர் எங்களை மறித்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

“அப்பாவுக்கு மரம் போனது தெரியாது அண்ணாச்சி. கேஸ் முடியுத வரைக்கும் உசிரோட இருக்கணும்னுதான் அவங்க ஆஸ்பத்திரிக்கே வாராங்க, தெரிஞ்சா அப்புறம் கார்ல ஏற மாட்டாங்க.”

முன்னறையில்

சாரைக் கட்டிலோடு முன்னறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். மாணவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களுமாகத் தரை நிறைந்திருந்தது. சாரைத் தவிர அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். சாயங்கால வெளிச்சம் ஜன்னல் வழியாக அவர் போர்வையில் விழுந்திருந்தது. முகம் வீங்கியிருந்தாலும் சிரிப்பு பழைய சிரிப்புதான். புலவர் ஆற்றைப் பாடினார், மரம் முளைத்ததைப் பாடினார். சார் நடுவிலே கையைத் தூக்கி, “புலவரே, பழந்தின்னி வவ்வாலை விட்டுட்டேரே! அதுவும் குடியிருக்க உரிமை உள்ள ஆளுதான்வே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். புலவர் வவ்வாலுக்கும் இரண்டு வரி கட்டிப் பாடினார். நான் ஒவ்வொன்றுக்கும் ஆமா போட்டேன்.

புலவர் முடிக்கும் இடத்துக்கு வந்தார். ‘இன்னைக்கும் அங்கனதான் நிக்கு மருத மரம்’ என்று இழுத்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். குடம் தட்டும் மட்டையை ஓங்கினேன். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கட்டிலில் இருந்து சார் பார்த்த பார்வை, வடிவு சுவர் பக்கம் திரும்புவதற்கு முன்னால் பார்த்த பார்வையாக இருந்தது. புலவர் அந்த வரியை மறுபடியும் பாடினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். உடுக்கை தானாக நின்றது.

“ஆமா விழலையே” என்றார் சார். “ஏம்வே, குடக்காரரே, உம்மகிட்டதான் கேக்கேன். மருதம் போயிட்டோ?” என்றார். எஸ்தர் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினாள், வேண்டாம் என்று. நான் ‘ஆமா’ என்றேன். குடம் தட்டவில்லை, ராகம் இல்லை, வெறும் ஆமா.

சார் கண்ணை மூடிக்கொண்டார். புலவர் வில்லை அடிக்கும் வீசுகோலை எடுத்து, அவசரமாக வாழியைத் தொடங்கினார். ஒரு வரி தாண்டவில்லை, கட்டிலில் இருந்து குரல் வந்தது.

“வெட்டுனதைப் பாடாம வாழி பாடலாமா புலவரே? பைய, ஒண்ணு விடாம பாடும்.”

புலவர் பாடினார்.

வண்ணார்பேட்டையில்

அதற்குப் பிறகு சார் காரில் ஏறவில்லை என்றும், அந்த வாரமே அடக்கம் ஆனது என்றும் மாணவர் ஒருவர் போனில் சொன்னார். போக வேண்டும் என்று சட்டையெல்லாம் மாட்டினேன். போகவில்லை. ஒரு மாதம் கழித்து வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்தில் எஸ்தரே எதிரில் வந்தாள். கையில் பழப் பை. ஒதுங்கிப் போய்விடலாமா என்று பார்த்தேன், அவள் பார்த்துவிட்டாள். கடைசி வரைக்கும் சார் அந்த வெட்டுப் பாட்டைத்தான் முனகிக்கொண்டிருந்தாராம், நடுநடுவே ஆமாவையும் அவரே போட்டுக்கொண்டாராம். சொல்லும்போது அவள் குரல் உயரவே இல்லை. பஸ் வந்தது. படியில் காலை வைத்தவள் திரும்பினாள்.

“நீங்க அன்னைக்கு அந்த ஒரு ஆமாவைப் போட்டிருக்கலாம் அண்ணாச்சி.”

அதற்கும் நான் ‘ஆமா’ என்றுதான் சொன்னேன், அது மனதார வந்ததா பழக்கத்தில் வந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், இந்தத் தொழிலில் இரண்டுக்கும் ஒரே குரல்தான்.