செவ்வாய்க் கிரகத்து வாய்க்கால்கள்

பக்கவாதம் வந்து என் கணவரின் வலக்கை போனது. டேனிஷ் முழுதாகப் போனது. முப்பது வருடம் டென்மார்க்கின் ஹேர்னிங் நகரத்துத் துணித் தொழிற்சாலையில் டேனிஷில் பகிடிவிட்டுத் திரிந்த மனிதர். மிஞ்சியது கொஞ்சத் தமிழ்தான், அதுவும் ஒவ்வொரு சொல்லாக, பெரும்பாடு பட்டு வந்தது.

இரண்டு மாதப் பேச்சுப் பயிற்சிக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சியாளர் அவரைச் சோதித்தாள். தேறுவார் என்றால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் மறதி நோயாளர் இல்லம். முடிவு திங்கள் பத்து மணிக்கு. தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் இருந்தார், சென்னைக்காரர்.

“வீட்டில் என்ன செய்யப் பிடிக்கும்?” என்று கேட்டாள்.

அவர் கண்ணை மூடிச் சொற்களைத் தேடினார். “செவ்வாய்க் கிரகத்தில... ஆக்கள் இருக்கினம். வாய்க்கால்... வெட்டியிருக்கினம்.”

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். டேனிஷில் அது இன்னும் விசர்க்கதையாகக் கேட்டது. “முன்பும் இப்படிக் கதைப்பாரா?” என்று என்னிடம் கேட்டாள். இல்லை, இப்போதுதான் இப்படி என்று அழுதுகொண்டே சொன்னேன். அவள் ‘குழப்பம்’ என்று எழுதினாள். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. கடவுளோடு எனக்குக் கோபம். திங்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியும்தானே என்று அவருடைய உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அலுமாரியின் அடியில் அந்தக் கோப்பு கிடந்தது.

பழைய பிரெஞ்சு வானியலாளர் ஒருவரைப் பற்றி அவர் தமிழில் எழுதிய புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி. வேலை முடிந்து வந்து பன்னிரண்டு வருடம் எழுதினார். “ஊர்ச் சனத்தைப் பற்றி எழுதினாலும் நாலு பேர் வாசிப்பினம். செத்த பிரெஞ்சுக்காரனை ஆர் தேடினது?” என்று நான் எத்தனை நாள் எரிந்து விழுந்திருப்பேன்! “இஞ்சாரும், இதைக் கேளும்” என்று வாசிக்க வருவார். நான் குழாயைத் திறந்துவிட்டுக் பாத்திரம் கழுவுவேன். மகளுக்குத் தமிழ் கதைக்கத்தான் தெரியும், எழுத்துத் தெரியாது. வீட்டில் வாசிக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

கட்டிலில் இருந்து வாசித்தேன். அந்த வானியலாளர் ஏழைப் பிள்ளை. செதுக்குவேலை பழகிக்கொண்டே படித்தவர். பெரிய படிப்பில்லாத சனத்துக்கும் வானத்தைப் பற்றி விளங்க எழுதினார். வாசகர் ஒருவர் அன்பளித்த வீட்டில் தொலைநோக்கி வைத்து வாழ்ந்து, அந்த வளவிலேயே அடக்கமானார். அவருக்குப் பிறகு மனைவிதான் அந்த வேலையைக் கொண்டு நடத்தினாளாம். அவள் புருஷன் எழுதியதை வாசித்திருப்பாள்.

ஏழாம் அதிகாரத்தின் முதல் பக்கத்தில் அது இருந்தது. செவ்வாய்க் கிரகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள் என்று அந்த வானியலாளர் நம்பினார்.

வீட்டில் என்ன செய்யப் பிடிக்கும் என்று கேட்டார்கள், மனிதர் தன் புத்தகத்தைத்தான் சொல்லியிருக்கிறார், சரியான பதில். இந்த நாட்டிலேயே அது விளங்கியிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நானே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேன்.

திங்கள் காலை அந்தக் கோப்பைக் கொண்டுபோய்ப் பயிற்சியாளரின் மேசையில் வைத்தேன். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து, எழுத்து விளங்காமல் உதட்டைப் பிதுக்கினாள். நான் பறித்தெடுத்துச் சத்தமாக வாசித்தேன். தொலைபேசியில் அதே சென்னைக்காரர் ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்தார்.

“இது பழைய ஞாபகமாகவும் இருக்கலாம். தான் சொல்வது அவருக்கு விளங்குகிறதா?” என்றவள், நேராக அவரிடமே கேட்டாள். “அங்கே ஆட்கள் இருக்கிறார்களா?”

அவர் கண்ணை மூடினார். தாயே, ஒரு சொல்லாவது வரட்டும் என்று மாதாவைக் கும்பிட்டேன். அவள் பேனையை எடுத்துவிட்டாள்.

“இல்லை,” என்றார். “பாவம்... அந்தாள். கண்... ஏமாத்திப் போட்டுது.”

தொலைபேசியில் சென்னைக்காரர் சிரித்தேவிட்டார். பிறகுதான் மொழிபெயர்த்தார். அவள் வெள்ளிக்கிழமை எழுதிய சொல்லை வெட்டினாள். பயிற்சி தொடரும் என்றாள்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தோம். கோப்பு அவர் மடியில் இருந்தது. இடக்கையால் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“எப்ப... வாசிச்சனீர்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை.

“நேற்று,” என்றேன்.