போற ஸ்பீடு எவ்ளோங்க?

ஆரணியில் வீடுகளுக்கு இன்டர்நெட் இணைப்பு விற்கப் போனபோதுதான் பட்டுப்புடவை விற்கும் அந்த அம்மாவைச் சந்தித்தேன். கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். பேசும்போதும் விரல்கள் புடவை ஓரத்தைத் தடவிக்கொண்டே இருக்கும்.

"கேபிள் நெட்டுல நூறு எம்பி ஸ்பீடும்மா" என்றேன்.

"அது வர்ற ஸ்பீடு. நான் வீடியோல புடவை காட்டிகினு இருக்கறவ. இங்கேர்ந்து போற ஸ்பீடு எவ்ளோங்க?"

அதுவரை யாருமே என்னிடம் அதைக் கேட்டதில்லை. கேபிளில் போவது மெதுவாகத்தான் போகும், ஃபைபரில் இரண்டும் சமம் என்று ஒப்புக்கொண்டேன்.

ஃபைபர் போட்டுக் கொடுத்த அன்றே, வாங்குவதற்காக வீடியோவில் புடவை பார்த்த ஒரு பெண், "பார்டர்ல ஒரு ஜரிகை இழை விட்டிருக்கே!" என்றாள்.

வியாபாரம் போச்சே என்று நினைத்தேன். அம்மாவோ கைதட்டிச் சிரித்தார்.

"இழையே தெரியுதா! நேத்து வரைக்கும் கலரே தெரியலம்மா!"

தன் சரக்கில் குறை சொன்னதற்கு ஜெயித்தவர்போலச் சிரித்த வியாபாரி, எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.