ஜெலினோவுக்குப் போன வேலை

கில்மோரன் என்ற கடலோர ஊரில் கம்ப்யூட்டருக்கான சர்க்யூட் போர்டு செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்த வாரத்திலேயே, மேலாளர் தன் அறைக்கு டிம்ப்னா ஹெனகனைக் கூப்பிட்டு அனுப்பினார். அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினாறு வருடமாக அங்கேதான் வேலை. மூன்றாம் வரிசைக்கு மேற்பார்வையாளர். இயந்திரங்களைப் போலந்தில் ஜெலினோவ் என்ற ஊருக்குக் கொண்டுபோகிறோம், அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு ஆறு வாரம் வேலை சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், போகிறாயா என்று கேட்டார். கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் விஷயம் கான்டீனுக்குப் போய்விட்டது.

"என்ன டிம்ப்னா, நம்ம கழுத்துக்கு நீயே கத்தி தீட்டிக் குடுக்கப் போறியாமே?" என்றாள் பக்கத்து வரிசைக்காரி ஒருத்தி.

டிம்ப்னாவின் கணவன் ஃபெர்கல் பால் லாரி ஓட்டுகிறவன். எதையும் பாதி விளையாட்டாகத்தான் பேசுவான்.

"நீ போகலைன்னா மட்டும் மூடாம விட்டுருவானா? போய்ட்டு வா. தன்னோட வேலையைப் புது வீடு வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வர்ற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அவள் போனதற்குக் காரணம் வேறு. உள்ளே ஒரு கோபம் கனன்றுகொண்டிருந்தது. அதைக் காட்ட ஒரு முகம் வேண்டியிருந்தது.

ஜெலினோவில் அந்த முகம் கிடைத்தது. கிராஷினா வில்க் என்று பெயர். டிம்ப்னாவின் வயதுதான். உள்ளூர்த் தையல் இயந்திரத் தொழிற்சாலை மூடிய பிறகு மூன்று வருடம் வேலையில்லாமல் இருந்தவள். முதல் நாள் காலையில் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரிக்காயும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். "பானி டிம்ப்னா, சாப்பிடுங்க" என்றாள். பானி என்பது அந்த ஊரில் பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதை. டிம்ப்னா நன்றி சொல்லி வாங்கி, மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டாள்.

புத்தகத்தில் அச்சடித்திருப்பதை மட்டும் சொல்லிக்கொடுப்பது, அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது என்று அவள் முடிவுசெய்துகொண்டுதான் வந்திருந்தாள். இரண்டாவது வாரத்தில் போர்டுகள் வரிசையாகக் கெட்டுப்போக ஆரம்பித்தன. ஈயம் வைத்ததும் பலகை உள்ளுக்குள்ளேயே உப்பி, அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. டிம்ப்னாவுக்குக் காரணம் தெரியும். ஈரக் காற்று பட்ட பலகைகளை முதலில் அடுப்பில் வைத்துச் சில மணி நேரம் காயவிட வேண்டும். கில்மோரனில் வருடம் முழுக்க மழை என்பதால் அது எல்லோருக்கும் கைப்பழக்கம். அதனாலேயே யாரும் அதைப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை. மூன்று நாள் அவள் வாயைத் திறக்கவில்லை.

நான்காம் நாள், உள்ளூர் அதிகாரி ஒருவர் அத்தனை பேர் முன்னால் கிராஷினாவைப் பிடித்துக் காய்ச்சினார்.  அவர் போன பிறகு, கிராஷினா கெட்டுப்போன போர்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, தன் கை எங்கே தவறியது என்று தேடிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க டிம்ப்னாவால் முடியவில்லை.

"உன் கையில தப்பில்லை. பலகைல ஈரம். அடுப்பைச் சூடாக்கு, காட்டறேன்."

அன்று சாயங்காலம் பார்த்த நாற்பது போர்டில் ஒன்றுகூட உப்பவில்லை. கிராஷினா அவளையே உற்றுப் பார்த்தாள்.

"இது புத்தகத்துல இல்லையே பானி. இது உங்க ரொட்டி, உங்க பிழைப்பு. எனக்கு ஏன் குடுத்தீங்க?"

"என் ரொட்டி போனது போனதுதான். உன்னுதாவது கருகாம இருக்கட்டும். அப்புறம் இந்தப் பானி கீனியெல்லாம் வேண்டாம். டிம்ப்னான்னே கூப்பிடு."

ஆறு வாரம் முடிந்து ஊர் திரும்பினாள். ஆகஸ்டில் தொழிற்சாலை மூடியது. டிம்ப்னா ஒரு வருடம் அலுவலகப் படிப்பு ஒன்று படித்துவிட்டு, நகரசபையின் தொழில் மேம்பாட்டு அலுவலகத்தில் வரவேற்பு மேஜை வேலைக்குச் சேர்ந்தாள். வெளிநாட்டுக் கம்பெனிகளைக் கில்மோரனுக்குக் கொண்டுவருவதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. தலைவர் ஃபின்டன் ஷீஹி நல்ல மனிதர், ஆனால் பெரிய மீனைத் தவிர வேறெதற்கும் வலை வீசமாட்டார். விருந்தாளிகள் வருவார்கள், வளைகுடாவின் படம் போட்ட பளபளப்பான புத்தகத்தை வாங்கிக்கொள்வார்கள், சால்மன் மீன் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று விமானம் ஏறிவிடுவார்கள். டிம்ப்னா தேநீர் போட்டுக் கொடுப்பாள். கூடவே, வந்து போகிற உள்ளூர்ச் சின்ன முதலாளிகள் புலம்புவதை எல்லாம் காதில் வாங்கி, ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். அப்படி எழுதச் சொல்லி யாரும் அவளைக் கேட்கவில்லை.

பத்து வருடம் ஓடியது. ஒரு மார்ச் மாதம் காலையில் கிராஷினாவிடமிருந்து போன் வந்தது. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை போட்டுக்கொள்வார்களே தவிர, இருவரும் அடிக்கடி பேசிக்கொள்வதில்லை.

"டிம்ப்னா, இங்கயும் மூடறாங்க. இன்னும் கிழக்கே போறாங்களாம். போய்ச் சொல்லிக்கொடுக்க ஆள் வேணும்னு என்னைக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"போறேன்னு சொன்னேன். நீ வந்தப்ப எனக்கு நல்லதுதானே நடந்துச்சு. திரும்பி வந்தப்புறம் என்ன செய்யறதுன்னுதான் தெரியலை. முப்பது பேர் இருக்கோம். மைக்ராஸ்கோப்புக்கு அடியில முடி அளவு கம்பியை ஒட்டற கை எங்களுது. இந்தக் கையை வெச்சுக்கிட்டு உருளைக்கிழங்கா தோண்டறது?"

போனை வைத்த பிறகு டிம்ப்னா நோட்டைப் புரட்டினாள். மலகி பர்க் என்ற பெயருக்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க அவள் கையெழுத்து. மலகி ஊருக்கு வெளியே தொழிற்பேட்டையில், இதயத் துடிப்பைக் கவனிக்கிற சிறு கருவி செய்கிறவர். அதற்கான மெல்லிய கேபிள்கள் உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலில் வரவேண்டும். பதினான்கு வாரம் பிடிக்கும். வந்த ஆர்டரையெல்லாம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். கேபிள் மட்டும் நேரத்துக்கு வந்தால் இன்னொரு ஷிப்டே ஓட்டலாம் என்று தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

அவள் நேராக ஃபின்டனின் அறைக்குப் போய், ஜெலினோவ் பெண்களை வைத்து மலகிக்குக் கேபிள் செய்யவைக்கலாம் என்று சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"டிம்ப்னா, நம்ம வேலை ஊருக்கு வேலை கொண்டுவர்றது. போலந்துக்கு அனுப்பறது இல்லை. அதுவும் ஜெலினோவ்! அந்தப் பேரைச் சொன்னாலே ஊர்ல பாதிப் பேருக்குப் பத்திக்கிட்டு வரும்."

"பத்தட்டும் சார். அணையறப்ப யோசிப்பாங்க. கேபிள் வந்தா மலகி எத்தனை பேரைச் சேர்ப்பார்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க."

ஃபின்டன் அப்போதே மலகிக்குப் போன் போட்டார். மலகி அறுபது பேர் என்றார். ஃபின்டன் மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நகரசபையின் ஒப்புதல் இல்லாமல் வெளிநாட்டு ஊரோடு எந்த உறவும் வைத்துக்கொள்ள முடியாது. ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை பிற்பகல் கூட்டம் நடந்தது. பார்வையாளர் பெஞ்சில் இடமில்லை. டிம்ப்னாவின் பழைய தொழிற்சாலைக்காரர்கள் பலரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஃபின்டன் பேசி முடிப்பதற்குள் கவுன்சிலர் ஜார்லத் காய்ன் எழுந்துவிட்டார். அவருடைய தம்பியும் அந்தத் தொழிற்சாலையில் வேலை இழந்தவன். அதற்குப் பிறகு கனடா போனவன் திரும்பவே இல்லை.

"நம்ம வீட்டுல திருடினவனைக் கூப்பிட்டு நடுக்கூடத்துல உக்கார வெச்சு விருந்து போடச் சொல்றீங்களா? என்ன பிழைப்புய்யா இது!"

பெஞ்சிலிருந்து கைதட்டல் எழுந்தது. ஃபின்டன் காகிதத்தைத் தடவிக்கொண்டு நின்றார். சுவரோரம் உட்கார்ந்திருந்த டிம்ப்னா தானாக எழுந்தாள். அவள் பேசுவதாக ஏற்பாடு எதுவும் இல்லை. மேயர் மட்டும் தலையை ஆட்டி, பேசு என்றார்.

"அவங்க யாரும் திருடலை ஜார்லத். நான்தான் கொண்டுபோய்க் கையில குடுத்தேன். ஆறு வாரம் உக்காந்து சொல்லிக்கொடுத்தேன். கோபப்படணும்னா என்மேல படுங்க, நான் இதே ஊர்லதான் இருக்கேன், ஓடிப்போகலை." பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "வேலையை எடுத்துட்டுப் போனவன் நம்மளைக் கேட்டுட்டுப் போகலை, இப்ப அவங்களையும் கேட்டுட்டுப் போகப்போறதில்லை. நாம ரெண்டு ஊரும் ஒரே கதவுல அடிபட்ட விரல். அவங்ககிட்ட கை இருக்கு, மலகிகிட்ட ஆர்டர் இருக்கு. ரெண்டையும் சேர்த்தா இங்க அறுபது பேருக்கு வேலை. வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் போய்த் தேநீர் போடறேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். ஜார்லத் சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்ற அளவில் தீர்மானம் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் பிழைத்தது. போகிற மூவரில் தானும் ஒருவன் என்று ஜார்லத் பிடிவாதம் பிடித்தார். "ஏமாத்திடப் போறாங்க, நான் கூட இருந்து பாக்கணும்" என்றார்.

மூவரும் போய் வந்த பிறகு ஜெலினோவிலிருந்து வந்த முதல் மாதிரிகள் மோசம். கிழக்கே போய்ச் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிய கிராஷினாவும் அவள் தோழிகளும் பழைய தையல் இயந்திரத் தொழிற்சாலையின் ஒரு மூலையைச் சுத்தம் செய்து, தாங்களே ஒரு சிறு கம்பெனி தொடங்கியிருந்தார்கள். அனுப்பிய ஐம்பது கேபிளில் பதினொன்றை மலகியின் ஆட்கள் ஒதுக்கிவிட்டார்கள். சால்டரிங் சுத்தமாக இருந்தது. ஆனால் மருத்துவச் சாமானுக்கு எழுதிவைக்க வேண்டிய பதிவுகள், சோதனைகள் எதுவும் அவர்களுக்குத் தெரியவில்லை. மலகி கையை விரித்தார். கில்மோரன் தொழில்நுட்பக் கல்லூரியில் அந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது டிம்ப்னாவுக்கு நினைவு வந்தது. அதைப் படிக்கச் செப்டம்பரில் கிராஷினாவோடு ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். அவர்களைத் தங்கவைக்க டிம்ப்னா தன்னோடு வேலை பார்த்த பெண்களைத்தான் கேட்டாள். அன்று கான்டீனில் கத்தி தீட்டப் போகிறாயா என்று கேட்டவள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மறுநாள் தானே வந்து, "எங்க வீட்டுல மாடி அறை காலியாத்தான் கிடக்கு. ஆனா நாய் குரைக்கும், சொல்லிடு" என்றாள்.

அடுத்த வசந்தத்தில் ஜெலினோவுக்குச் சான்றிதழ் கிடைத்தது. கேபிள் லாரியில் ஏறிப் பத்தே நாளில் கில்மோரன் வந்தது. மலகி இரண்டாவது ஷிப்டைத் தொடங்கினார். அறுபது என்று சொன்னவர் முதல் வருடம் முப்பத்தெட்டுப் பேரைத்தான் சேர்த்தார். மூன்றாம் வருடம் எழுபதைத் தாண்டியது. ஜெலினோவில் முப்பது பேர் நாற்பத்தைந்து ஆனார்கள். இரண்டு நகரசபைகளும் உறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் ஜார்லத் ஜெலினோவில் கிராஷினா கொடுத்த புளித்த மாவு சூப்பை மூன்று கிண்ணம் குடித்துவிட்டு, ஊர் திரும்பியதிலிருந்து அதன் புகழையே பாடிக்கொண்டிருந்தார். "நீ என்ன காய்ச்சினாலும் கிராஷினா காய்ச்சின மாதிரி வராது" என்று தன் மனைவியிடமே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும் கேள்வி.

டிம்ப்னாவை வரவேற்பு மேஜையிலிருந்து உள்ளறைக்கு மாற்றினார்கள். கதவில் வெளியூர் உறவு அதிகாரி என்று பலகை மாட்டினார்கள். அவளுக்கு அந்த அறையில் ஒரு குறைதான். வந்து போகிறவர்களின் பேச்சு காதில் விழுவதில்லை. அதனால் கதவை எப்போதும் திறந்தே வைத்திருப்பாள்.

போன மாதம் டென்மார்க்கின் சிறு துறைமுகம் ஒன்றிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். பெயர் பிர்கித். மீன் பதப்படுத்துகிற தொழிற்சாலை மூடி எட்டு மாதம் ஆகிறதாம். நகரசபையில் வேலை பார்க்கிறாள். கில்மோரனைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறாள்.

"எங்களுக்கு மீனைத் தவிர ஒண்ணும் தெரியாதுங்க. எங்க ஊர்க்காரங்களே அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் தயங்கித் தயங்கி.

டிம்ப்னா புது நோட்டு ஒன்றைப் பிரித்து, மேலே அந்த ஊரின் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

"ஒண்ணும் தெரியாத ஊரை நான் இன்னும் பாக்கலை பிர்கித். குளிர்பதன அறையை ஓட்டினது யாரு, படகு இஞ்சினைப் பழுதுபார்த்தது யாரு, பெட்டி செஞ்சது யாரு? ஒண்ணொண்ணா சொல்லு. அவசரமில்லை, நான் எழுதிக்கறேன்."

 அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. பிர்கித் சொல்ல ஆரம்பித்தாள்.