விழுங்காத மாத்திரை

அம்சவள்ளியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. சங்கராபுரம் சாலையில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கிற அந்த முதியோர் இல்லத்தில், நிர்வாகி தங்கதுரைகூட அவளைக் கண்டால் குரலைத் தாழ்த்திக்கொள்வார். சமையலுக்கென்று வேலைக்கு வந்தவள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், கை சுத்தம், யாருக்கும் பயப்படமாட்டாள் என்பதற்காக மாத்திரை அலமாரிச் சாவியை அவளிடம் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சாவி அவள் கழுத்துக் கயிற்றில்தான் தொங்குகிறது.

அவள் வருவதற்கு முன்னால் அங்கே நடந்த கூத்தையும் சொல்லத்தான் வேண்டும். மாத்திரைகள் அடுப்புக்கு மேல் தட்டில், மிளகாய்த்தூள் டப்பாவோடு வெந்துகொண்டிருந்தன. இன்சுலின் பாட்டில் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில் கிடந்தது. ஒரு முறை யாரோ ஒரு மகராசி அதை ஐஸ் உறைகிற பெட்டியில் வைத்துக் கட்டியாக்கிவிட்டாள். முட்டி வலி மாத்திரையை வெற்றிலை பாக்கு மாதிரி கட்டிலுக்குக் கட்டில் கை மாற்றிக்கொண்டார்கள். செத்துப்போனவரின் மிச்ச மாத்திரையை, "வீணாப் போவுதே" என்று பக்கத்துக் கட்டில்காரர் எடுத்து விழுங்கினார். என்ன ஜனமோ! தூக்கிப் போட மட்டும் மனசு வராது.

அம்சவள்ளி வந்து எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு கட்டினாள். வெயில் படாத சுவரில் பூட்டுப் போட்ட அலமாரி. ஆளுக்கு ஒரு டப்பா, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக மூடியில் அவரவர் போட்டோ. அட்டையைக் கத்தரித்துத் துண்டு போடக்கூடாது, தேதி போய்விடும். செத்தவர் மாத்திரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போகும். ஒருவருக்குக் கொடுத்து முடிக்காமல் அடுத்தவர் டப்பாவைத் திறக்கமாட்டாள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் தொலைந்தார்கள்.

இவ்வளவு கறார் எங்கிருந்து வந்தது என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்தில் பிறந்து, கருணாபுரத்தில் ஒரு மூட்டை தூக்குகிறவருக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். அவருக்கு வலிப்பு உண்டு. மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் கொட்டி, ஒரு தகர டப்பாவில் தண்ணீர்ப் பானை ஓரத்தில் வைத்திருந்தாள். மழைக்காலத்தில் ஓட்டை வீட்டில் எல்லாம் ஈரம். மாத்திரை நமத்துப்போனது அவளுக்குத் தெரியும். நமத்தால் என்ன, மாத்திரை மாத்திரைதானே என்று கொடுத்துக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் வாய்க்காலில் கை கால் கழுவப் போனவருக்கு அங்கேயே வலிப்பு வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், அதில் போய்விட்டார். ஈரம் பட்டால் அந்த மாத்திரைக்கு வீரியம் போய்விடும் என்று பின்னால் ஒரு நர்ஸ் சொன்னாள். அதனால்தான் அவர் செத்தார் என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. அம்சவள்ளி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இல்லத்தில் இருந்தவர்களிலேயே அவளுக்குத் தொல்லை கொடுக்காத ஆள் மாயவன்தான். எழுபதைத் தாண்டியவர். ஆயுசெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டியவர். பெண்டாட்டி இறந்த பிறகு குடிசையும் இடிந்து விழ, ஊர்க்காரர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஒரே மகள் சந்தியா, காலம் போன காலத்தில் பிறந்தவள். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவாள். மாயவனின் இடது கன்னம் எப்போதும் உப்பியிருக்கும். வெற்றிலை. மாத்திரை கொடுத்தால் மறுபேச்சுப் பேசாமல் வாயில் போட்டு, தண்ணீரை அண்ணாந்து குடித்து, "ஆச்சும்மா" என்று சிரிப்பார். அம்சவள்ளி அடுத்த ஆளிடம் போய்விடுவாள்.

ஆனால் அவருக்குச் சர்க்கரை மட்டும் இறங்கவே இல்லை. சனிக்கிழமைகளில் வந்து எல்லோரையும் பார்க்கிற டாக்டர் ஜெயசுதா குழம்பிப்போனாள்.

"ஒழுங்கா முழுங்குறாரா? ஒதுக்கி வைக்கிறாரா?"

அம்சவள்ளிக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா மேடம் இப்பிடி கேக்குறீங்க? நான்தான் என் கையால குடுக்கறேன். என் கண்ணு முன்னாடி முழுங்குறாரு."

டாக்டர் அந்தச் சொல்லை நம்பி மாத்திரையைக் கூட்டினாள். பாதி, முழுசானது. பிறகு வீரியம் கூடியது. பிறகு இரண்டு வேளையானது. ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, ஒவ்வொரு தடவையும் அதே பதில்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், கனகாம்பரப் பாத்திக்குக் களை எடுத்தபோது மண்ணுக்குள் ஊறிப்போன மாத்திரைகள் கிடைத்தன. யாரோ ஜன்னல் வழியாகத் துப்பியது. யாரென்று கேட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? அம்சவள்ளி அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கொல்லையில் மேய்ந்த மாடுகூடத் திரும்பிப் பார்த்திருக்கும். மறுநாளிலிருந்து புதுச் சட்டம். மாத்திரை போடுமுன் வாயைக் கொப்பளிக்கவேண்டும், போட்டபின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். யாருக்கும் விலக்கு இல்லை.

மாயவன் முறை வந்தது.

"வெத்தலய துப்பிட்டு வா பெரியப்பா."

"இப்பத்தாம்மா போட்டேன். சாறுகூட எறங்கல."

"அப்பறம் வேற போட்டுக்க. துப்பு."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "நாளையிலிருந்து வெச்சிக்கலாமே" என்று கெஞ்சிப் பார்த்தார். அவள் மசியவில்லை. துப்பினார், விழுங்கினார், வாயைத் திறந்து காட்டினார். ராத்திரியும் அப்படியே. மறுநாள் காலையும் அப்படியே. அம்சவள்ளிக்குப் பெருமை தாங்கவில்லை. இனி இந்த இல்லத்தில் ஒரு மாத்திரை வீணாகாது என்று தங்கதுரையிடம் சொன்னாள்.

அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கு மாயவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் சொருகியது. வாய் எதையோ குழறியது. அவர் வாயில் தண்ணீர் ஊற்றப்போன ஆயாவைத் தடுத்து, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சர்க்கரையைக் குழைத்து அவர் கன்னத்தின் உள்பக்கம் விரலால் தடவினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றியபிறகு மாயவன் கண் திறந்தார். அந்த வார்டுக்கும் ஜெயசுதாதான் டாக்டர். அவளுக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"இத்தனை மாசமா இதே மாத்திரைக்கு அசையாத சர்க்கரை, இப்ப எப்படி அடியோட விழுந்துச்சு?"

"ஆடி வெள்ளி பாருங்க, வெரதம் கிரதம் இருந்திருப்பாரு" என்றார் தங்கதுரை. நல்ல மனிதர்தான். இல்லத்துக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்கிற கவலை அவருக்கு.

மாற்று வேட்டி எடுக்க அம்சவள்ளி இல்லத்துக்கு வந்தாள். மாயவனின் தகரப் பெட்டியைத் திறந்தாள். வேட்டிக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தால் மாத்திரைகள். சர்க்கரை மாத்திரை மட்டும்தான். ஓரம் கரைந்து, சிவப்பேறி, காயவைத்து எடுத்தவை. அதோடு சேர்த்துக் கொடுக்கிற பிரஷர் மாத்திரை ஒன்றுகூட அதில் இல்லை. அம்சவள்ளி அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை மாதமாக இந்த மனிதர் விழுங்கவே இல்லை. விழுங்கினார் என்று அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல டாக்டர் கூட்டினாள். அப்படிக் கூட்டிய மொத்தத்தையும் அவளே வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே தள்ளினாள்.

முடிச்சோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். கட்டில் ஓரத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காமல், "யாருக்கு பெரியப்பா இது?" என்றாள்.

மாயவன் கண்ணை மூடிக்கொண்டார். "சந்தியாவுக்கு."

சந்தியாவுக்கும் சர்க்கரை. கல்யாணமாகி இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. மாமியார் ஏற்கெனவே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்று தெரிந்தால் அதோடு சரி, அப்பன் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த ஊர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் மாத்திரை சும்மா கொடுக்கிறார்கள்தான். ஆனால் அங்கே வரிசையில் நின்றால், வீடு திரும்புமுன் சேதி வீட்டுக்குப் போய்விடும்.

"யார்கிட்டயும் சொல்லாத அம்சா. என்னை இப்பிடியே வுட்டுடு. எனக்கு வயசாச்சு. அது வாழவேண்டிய பொண்ணு."

அம்சவள்ளிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிழவர் மேலா, அந்த மாமியார் மேலா, தன் மேலேயா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபத்துக்கு நடுவில்தான் அது உறைத்தது. டாக்டர் வீரியத்தைக் கூட்டக் கூட்ட, கூட்டிய மாத்திரைதானே அந்தப் பெண்ணுக்கும் போயிருக்கும்? இவராவது கட்டிலில் விழுந்தார். அவள் களை எடுக்கிற கொல்லையில், தண்ணீர் இறைக்கிற கிணற்றடியில் விழுந்தால்? வாய்க்கால் தண்ணீர் கண்முன் வந்து நின்றது.

நேரே டாக்டரிடம் போனாள். தங்கதுரை பக்கத்தில் நிற்கும்போதே முடிச்சை மேசைமேல் அவிழ்த்தாள்.

"வெரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம். இந்தாளு இத்தினி மாசமா முழுங்கவே இல்ல. கன்னத்துல ஒதுக்கிக்கினு, நான் போனதும் எடுத்து காயவெச்சிருக்காரு. நான் பாக்கல. பாத்தேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்யி."

"அம்சா, கொஞ்சம் யோசிச்சு..." என்றார் தங்கதுரை.

"யோசிச்சிட்டேன் சார். சாவி வேணும்னா வாங்கிக்குங்க."

ஜெயசுதா மாத்திரைகளைப் புரட்டிப் பார்த்தாள். திட்டவில்லை, திட்டியிருந்தால் அம்சவள்ளிக்குத் தேவலையாக இருந்திருக்கும். "நானும் ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்கணும்" என்றவள், மாத்திரை மகளுக்குப் போகிறதென்று அம்சவள்ளி சொன்னதும் எழுந்தே விட்டாள். "அந்தப் பொண்ணை இன்னைக்கே வரச் சொல்லுங்க. இனி இதுல ஒண்ணுகூட அவ போடக்கூடாது."

அம்சவள்ளி போன் போட்டாள். எடுத்தது சந்தியாவின் புருஷன். அப்பாவுக்கு முடியவில்லை, அனுப்பி வையுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாயும் நேரத்தில் சந்தியா தனியாக வந்தாள். ஒட்டிய கன்னம், குழி விழுந்த கண். அடிக்கடி தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது, ஒரு தடவை கொல்லையிலேயே மயங்கி விழுந்தாள் என்பதெல்லாம் கேட்டபிறகு மெல்ல வந்தது. அம்சவள்ளி அவளை வராந்தா ஓரத்துக்கு இழுத்துப்போய் முடிச்சைக் காட்டினாள்.

"இது இன்னான்னு தெரியுதா? ஹோம்ல குடுத்த மிச்சம்னு சொல்லித்தானே உங்கப்பா குடுத்தாரு? அவரு வாயில போட்டு எடுத்ததும்மா இது. அவரு போடவேண்டியது."

சந்தியா ஒரு மாத்திரையை எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவினாள்.

"தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"ஓரமெல்லாம் கரைஞ்சிருக்கும். மொத மாசமே தெரிஞ்சுபோச்சு. வேணாம்னு சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வருவேன். பஸ் ஏறும்போது பாத்தா கையில வாங்கிக்கினு நிப்பேன்."

அம்சவள்ளி அவளைத் திட்டுவதற்குச் சாயந்திரமெல்லாம் சேர்த்துவைத்திருந்தாள். அதை அப்படியே விட்டாள். கையைப் பிடித்து ரத்தம் எடுக்கிற இடத்துக்குக் கூட்டிப்போனாள். பெயர் கேட்டார்கள், சந்தியா சொன்னாள். ஊர் கேட்டார்கள். வரிசையில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஊரையும் சொன்னாள்.

அவளை அங்கே உட்காரவைத்துவிட்டு அம்சவள்ளி வார்டுக்கு வந்தாள். மாயவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் பெரியப்பா. சந்தியா வந்திருக்குது, ரத்த டெஸ்டுக்கு ஒக்காந்திருக்குது."

அவர் அழுதார். சத்தமில்லாமல், குளுக்கோஸ் ஏறுகிற கையாலேயே கண்ணைத் துடைக்கப்போனார். அம்சவள்ளி அந்தக் கையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவது? நாலு பேர் அறிய நடந்த காரியம். சேதி மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்?

"அவங்க அனுப்பிட்டா இன்னா பண்றது அம்சா?" என்றார் மாயவன். "அப்பன் வூடுன்னு வந்து நிக்க அதுக்கு ஒரு வூடு இல்ல. எங்கிட்ட மாத்திரதான் இருந்துச்சு."