வராத நான்கு குடும்பங்கள்

அந்த உணவகத்தில் வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் அவள் வாசலக்கா. முதலாளிகள் அண்ணன் தம்பி இருவர். அவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நோட்டும் பேனாவுமாக நிற்கிறவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரைக்கு மேல் நடைபாதை கொள்ளாமல் ஆட்கள் நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டு எழுத அவளுக்குப் பொறுமை கிடையாது. கண்ணில் பட்டதை எழுதுவாள். 'நீலச் சட்டை, மூணு பேர்.' 'கைக்குழந்தை, அஞ்சு பேர்.' 'சிடுமூஞ்சி, ரெண்டு பேர்.' மேசை காலியானதும் அதையே உரக்கக் கூப்பிடுவாள். சிடுமூஞ்சியை மட்டும், "சார், நீங்கதான்!" என்பாள்.

பஸ் இரைச்சலைத் தாண்டிப் போகிற தொண்டை அது. அந்த வேலை கிடைத்ததே அதனால்தான். வீட்டிலும் அதற்கு ஓய்வில்லை. அவள் கணவர் முப்பது வருஷம் மில்லில் தறிகளுக்கு நடுவே நின்று காதைப் பறிகொடுத்தவர். 'உப்பு போதுமா?' என்று அவரிடம் கேட்டால், 'போதும்' என்று பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்.

நோட்டில் ஒரு ரகசியம் இருந்தது. கூட்டம் சேரத் தொடங்கியதுமே, உண்மையான ஆட்களுக்கு நடுவில் நான்கு பொய்க் குடும்பங்களை எழுதிவிட வேண்டும். டாக்டர் வீடு, வக்கீல் வீடு, இன்ஜினியர் வீடு, டீச்சர் வீடு. இது அண்ணன் முதலாளியின் ஏற்பாடு. பெரியவர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அவருடைய சிநேகிதர்கள் வந்து இறங்கினால் வரிசையில் நிற்கக் கூடாது. "டாக்டர் வீடு, நாலு பேர்!" என்று அவள் கூவுவாள். அவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். நிற்கிறவர்களுக்கும் எல்லாம் முறைப்படி நடக்கிறதென்று ஒரு நிம்மதி. சிநேகிதர்கள் வராத நாளில் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கி, ஒரு கோடு இழுத்து அடித்துவிடுவாள்.

தம்பி முதலாளிக்கு இது தெரியாது. சின்னவருக்கு வரிசை என்றால் வரிசைதான். மாமியார் வந்தாலும் நிற்க வைப்பார். ஒருமுறை வைத்தும் இருக்கிறார்.

போன வருஷக் கடைசியில் அவள் குரல் அறுந்து அறுந்து வந்தது. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரண்டு முடிச்சு.

"ஆறு மாசம் கத்தவே கூடாது. கத்தினா ஆபரேஷன்தான். பண்ணினாலும் பழைய குரல் வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

"பேசலாமா டாக்டர்?"

"இப்ப என்கிட்ட பேசறீங்களே, இவ்வளவு பேசலாம்."

"இவ்வளவு பேசினா நான் கோவிச்சுக்கிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போயிட்டேன்னு எங்க வீட்டுக்காரர் நினைச்சுக்குவார்."

டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டில் 'ஆறு மாதம்' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் சின்னவர் யோசிக்கவே இல்லை. "எல்லா ஓட்டல்லயும் சாஃப்ட்வேர் வந்தாச்சு. மூணு கம்பெனியை வரச் சொல்றேன். நீங்களே பாத்துச் சொல்லுங்கக்கா, அங்க நிக்கறது நீங்கதானே."

அவள் வாழ்க்கையில் யாரும் அவளை எதையும் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. கம்பெனிக்காரர்கள் வந்த அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள்.

முதலில் வந்தவன் ஒரு படம் காட்டினான். வாசலில் இரும்புக் கால், அதன் மேல் ஒரு திரை. வருகிறவர்களே தங்கள் விவரத்தைப் பதிந்துகொள்ளலாம். படத்தில் அந்தக் கால் நின்ற இடம், அவள் நிற்கிற இடம்.

"அப்ப நான் எங்க நிப்பேன் தம்பி?"

"நிக்கவே வேண்டாம் மேடம், அதான் இதுல வசதி."

இரண்டாவது, முந்தின நாளே போனில் மேசை பதிவு செய்கிற ஏற்பாடு. பதிந்தவர் வரும்வரை மேசை கால் மணி நேரம் காலியாகவே கிடக்குமாம். பசியோடு நிற்கிற கூட்டம் கண்ணாடி வழியாகக் காலி மேசையைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்றாள்.

மூன்றாவதை ஓர் இளம்பெண் கொண்டுவந்தாள். வருகிறவரின் போன் நம்பரையும் எத்தனை பேர் என்பதையும் வாசலில் இருப்பவர் பதிய வேண்டும். மேசை காலியானதும் ஒரு பொத்தான். அவருடைய போனுக்குச் செய்தி போய்விடும்.

"பொத்தானை யாரும்மா அமுக்கணும்?"

"நீங்கதான் ஆன்ட்டி அமுக்கணும்."

"இதுவே இருக்கட்டும்" என்றாள் வாசலக்கா.

பதினைந்து நாள் சோதனை. அதன் பிறகு முடிவு செய்யலாம் என்று பேச்சு.

முதல் நாளே பெரியவர் வெளியே வந்து அவள் பக்கத்தில் நின்றார். "மெஷின் வந்தா என்னக்கா, நம்ம நாலு வீடும் அது பாட்டுக்கு இருக்கட்டும்." அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பர் இல்லாமல் மெஷின் ஒரு வரியைக்கூட ஏற்கவில்லை. டாக்டர் வீட்டுக்கு ஏது நம்பர்? சட்டென்று நினைவுக்கு வந்தது கணவருடையது. நான்கு வீட்டுக்கும் அதையே போட்டாள். வராதவர்களை வழக்கம்போல் நீக்கினாள்; வரி திரையிலிருந்து மறைந்தது. அடித்தால் போயே போய்விடும் என்பது பதினோரு வருஷ நோட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. மாதம் முடிந்தால் நோட்டே குப்பைக்குப் போய்விடும்.

அந்த ஞாயிறு ஒரு கூவலும் இல்லாமல் கழிந்தது. ஆட்கள் போனைப் பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள், வந்தார்கள். தன் காலடிச் சத்தம் அவளுக்கே கேட்டது.

வீட்டில் கணவர் போனை நீட்டினார். 'உங்கள் மேசை தயார். ஐந்து நிமிடத்தில் வரவும்.'

"இங்க நான் ஆறிப்போன சோத்தோட உக்காந்திருக்கேன். மேசை தயார்னு நாலு தரம் கூப்பிடறாங்க. சட்டை இஸ்திரி போட்டிருந்தா கிளம்பியிருப்பேன்!"

தொண்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தாள். 'கண்டுக்காதீங்க' என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள்.

பதினாறாம் நாள் மாடி அறையில் நாலு பேர் உட்கார்ந்தார்கள். இளம்பெண் மடிக்கணினியைத் திருப்பி வைத்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு சிவப்பு வரியைத் தவிர.

"ஒரே நம்பர் சார். பதினஞ்சு நாள்ல அறுபது தடவை மேசை கேட்டிருக்கு. வந்தது பத்தொன்பது தடவைதான். நீக்கினது எல்லாம் உள்ள பதிவாகியிருக்கு."

"எவன்டா அது?" என்று சின்னவர் அங்கேயே அந்த நம்பருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"யாரு?" அறை அதிர்ந்தது. "சத்தமா சொல்லுங்க! மேசையா? வேண்டாங்க, நான் சாப்பிட்டாச்சு! என் வீட்டுக்காரி அங்கதான் வாசல்ல நிக்கறா, அவகிட்ட சொல்லிடுங்க!"

சின்னவர் போனை வைத்தார். "என்னக்கா இது?"

அவள் பெரியவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார்.

"பெரியவர்தான் சொன்னாரு" என்றாள், டாக்டர் அனுமதித்த அளவுக் குரலில்.

அதே நேரத்தில் பெரியவரும் வாயைத் திறந்தார். "அக்கா தெரிஞ்சவங்க யாருக்காவது பண்ணியிருப்பாங்க. விடுடா." அவருக்குக் கட்டைக் குரல். அவள் சொன்னது அதற்கடியில் போய்விட்டது. திரும்பச் சொல்லலாம். ஆனால் அதற்கு மேலே ஏறினால் அது கத்துவதாகிவிடும். ஆறு மாதத்தில் இரண்டு மாதம்தான் முடிந்திருந்தது. அவள் யோசித்து முடிப்பதற்குள் பேச்சு அவளைத் தாண்டிப் போய்விட்டது.

"நாளைலேந்து வர வேண்டாம்னு சொல்லிடலாம்" என்றார் சின்னவர்.

"பதினோரு வருஷம்டா. நோட்டு இருந்தப்ப இந்த வம்பு உண்டா? எல்லாம் இந்த மெஷின் வந்த வினை."

"சார், மெஷின்ல தப்பு இல்ல—" என்று ஆரம்பித்தாள் இளம்பெண்.

"நீ கொஞ்சம் இரும்மா" என்றார் பெரியவர்.

அரைமணி நேர இழுபறிக்குப் பிறகு சின்னவர் விட்டுக்கொடுத்தார். ஆள் இருக்கட்டும், மெஷின் போகட்டும்.

மாடிப்படியில் பெரியவர் அவளை நிறுத்தினார். "காப்பாத்திட்டேன் பாத்தீங்களாக்கா. அவன் உங்களை அனுப்பியே இருப்பான்."

"தொண்டைங்க..."

"மெதுவா கூப்பிடுங்க. யாரு கத்தச் சொன்னா?"

வீட்டில் கணவர் பெருமையாகக் காத்திருந்தார். "போன் பண்ணினாங்க! நீ அங்கதான் நிக்கறேன்னு கரெக்டா சொல்லிட்டேன்!" அவள் தலையை ஆட்டினாள். அவர் தட்டில் சோறு போட்டாள்.

அடுத்த ஞாயிறு புது நோட்டு. ஒரு மணி வரை ஒவ்வொருவரிடமும் நடந்து போய்த் தோளைத் தொட்டு அழைத்தாள். அதற்குப் பிறகு கூட்டம் சாலையைத் தாண்டி எதிர்வாடை நிழலுக்குப் போய்விட்டது. சாலையைக் கடந்து போய்த் திரும்பினால் அதற்குள் இரண்டு மேசை காலியாகியிருந்தது. கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர், இரண்டு பெண் பிள்ளைகளோடு எதிர்ப்பக்கத்திலிருந்து விறுவிறுவென்று வந்தார்.

"எங்களுக்குப் பின்னாடி வந்தவங்க சாப்பிட்டுக் கை கழுவிட்டு வெளிய வராங்க. எங்களைக் கூப்பிட்டீங்களா இல்லையா?"

"கூப்பிட்டேங்க."

"எங்க காதுல விழலையே! வாயில என்ன, கொழுக்கட்டையா?"

சின்னவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். அந்த வாரம் முழுக்க அவர் அவளிடம் பேசியிருக்கவில்லை.

"சத்தமா கூப்பிடுங்கக்கா."

நோட்டைப் பார்த்தாள். இன்னும் பதினேழு வரி இருந்தது. ஒரு பஸ் வந்து நின்று உறுமியது. மூச்சை நன்றாக இழுத்து, எதிர்வாடைக்குக் கேட்கும்படி அடுத்த வரியைக் கூப்பிட்டாள். பாதி வரைக்கும் குரல் வந்தது.