தம்பியின் ஜப்பான் வாளுக்கு மதிப்புக் கேட்கப் போனேன்

என் எழுத்து மேலும் கீழுமாகப் போவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தேழு வயதில் முதியோர் பள்ளியில் பழகிய கை. ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆனாலும் எழுதுவதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

போன செவ்வாய்க்கிழமை பெரியதாழையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். காலமான என் தம்பி, யுத்தம் முடிந்து பர்மாவிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் வாள் ஒன்று வீட்டில் கிடந்தது. அவன் மகள் பிரகாசிக்குப் பாளையங்கோட்டையில் நர்சுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் முந்நூறு ரூபாய் கட்ட வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாளுக்குப் பதினைந்து ரூபாய்தான் சொன்னார்கள். துறைமுகத்துக்கு ஜப்பான் கப்பல் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டேன்.

காலை ஐந்தரைக்குப் பஸ். திருச்செந்தூர் வரை தொண்ணூறு பைசா. அங்கே மாறினால் தூத்துக்குடிக்கு இருபத்தைந்து மைல், ஒன்றரை ரூபாய். வாளைப் பாயில் சுற்றியிருந்தேன்.

"பாய்க்குள்ள என்ன பெரியவரே, கரும்பா?" என்றார் கண்டக்டர்.

"வாளுய்யா."

"அப்ப உம்மகிட்ட டிக்கெட் கேக்கவே பயமால்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

ஒன்பது மணிக்கு மிக்கேல் கடையில் இருந்தேன். எனக்கு மருமகன் முறை. கப்பல்களுக்குக் காய்கறியும் கயிறும் கொடுக்கிறவர். கப்பல் வந்த சேதியைச் சொல்லி அனுப்பியவரும் அவர்தான். வாளோடு துறைமுக வாசலில் விடமாட்டார்கள் என்பதால், கப்பல் கேப்டனையே கடைக்கு வரச் சொல்லியிருந்தார்.

கேப்டன் வாளுக்குத் தலைகுனிந்து வணங்கிவிட்டு உருவினார். முகம் வாடிவிட்டது. பளபளப்பாக இருக்கட்டும் என்று முந்தின நாள் நான் கணவாய் மீனின் சொரசொரப்பான ஓட்டால் தேய்த்திருந்தேன். நம் கடற்கரையில் வேறு எதால் தேய்ப்போம்? அடித்தவர் கைத்திறனுக்கு அடையாளமாகக் கூர் ஓரமாக ஓடவேண்டிய அலைக்கோடு தெரியவே இல்லை.

"மாமா, பாதி வெலைய நீரே தேச்சுப் போட்டீரே" என்றார் மிக்கேல்.

கேப்டன் விடவில்லை. கைப்பிடியிலிருந்த மூங்கில் ஆணியைத் தள்ளி, பிடியையே கழற்றினார். அது கழலும் என்று எனக்குத் தெரியாது; அதனால்தான் உள்ளே இருந்த பகுதி பிழைத்தது. கறுத்த துருவும், அதில் வெட்டிய எழுத்துகளும் அப்படியே இருந்தன. விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு எழுத்து பிடிபடாமல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனார். படித்தவருக்கும் எழுத்து தடுக்கிறதே என்று எனக்கு ஒரே குஷி.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை மிக்கேல் சொன்னார். பட்டாளத்துக்காக ஆலையில் செய்த வாள் இல்லை, கையால் அடித்தது. வயது முந்நூறு வருடம் இருக்கும். யாரோ பாட்டன் வாளுக்குப் பட்டாளத்துப் பிடி போட்டு யுத்தத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தேய்த்ததைக் கழித்தாலும் ஆயிரம் ரூபாய்க்குக் குறையாதாம். இவ்வளவு பழையதை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அவர் வாங்கவில்லை. விவரத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு வாள் இருந்தால் தேய்க்காதீர்கள். அலகில் விரல் படவேண்டாம்; உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். பிடிக்குள் இருக்கும் துருதான் வாளின் வயதுக்குச் சாட்சி. கிராம முன்சீப்பிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பயணம் போங்கள். திரும்பும்போது என்னைப் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார், கேப்டன் தாள்தான் காப்பாற்றியது.

பழைய ஆயுதங்கள் சேர்க்கும் வக்கீல் ஒருவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வாங்க வருகிறார். பிரகாசி டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கிவிட்டாள். அவளைப் பாளையங்கோட்டையில் விட்டுவிட்டு வந்து, அந்த வழியையும் பஸ் கட்டணத்தையும் வரும் வாரம் உங்களுக்கு எழுதுவேன்.