அட்டை பிடித்து நிற்கும் கற்பகம்

கம்ப்யூட்டரில் ஏவுகணைக்குச் சிவப்பு வால் வைத்துக்கொண்டிருக்கிறாள் கற்பகம். பட்டாசுப் பெட்டியின் லேபிள் அது. வால் போதாது, இன்னும் கொழுந்துவிட்டு எரிய வேண்டும் என்று கம்பெனிக்காரர் சொல்லியிருக்கிறார். எரியவிட்டு, பக்கத்து டாங்கியின் மேல் ஒரு புலியையும் ஏற்றிவிட்டு எழுந்திருக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம். பீரோ இடுக்கிலிருந்து போன வருஷக் காலண்டர் அட்டையை உருவித் தூசி தட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிவகாசி பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கிறாள். அட்டையின் முன்பக்கம் முருகன் சிரிக்கிறார். பின்பக்கம் அவளே எழுதியது: ‘போர் வேண்டாம். முதலில் பேசுங்கள்.’

பகலெல்லாம் யுத்தம் வரைகிறவள் சாயங்காலம் சமாதானம் பேசினால் ஊர் சும்மா இருக்குமா? டீக்கடையில் கேட்காதவர் இல்லை. “அது பெட்டி மேல ஓடுற டாங்கி அண்ணாச்சி. பிள்ளைக வெடிச்சு முடிச்சிட்டுச் சோறு திங்கப் போயிருங்க” என்பாள். வாய்க்குக் குறைச்சலே கிடையாது. சனிக்கிழமைதோறும் நிலைய வாசலில் அட்டை பிடித்து அவளோடு நிற்பவர்கள் இன்னும் மூன்று பேர். ஆரம்பத்தில், பட்டாசுக்குத் தடை கேட்கிற கூட்டம் என்று நினைத்து ஒரு கம்பெனி வேன் டிரைவர் சண்டைக்கே வந்துவிட்டார். பிழைப்பில் மண்ணைப் போட வந்தவர்கள் இல்லை என்று தெரிந்ததும், “அப்ப நில்லுங்க” என்று பெரிய மனதோடு அனுமதி கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லையில் சண்டை மூண்டதும் கேலி கசந்துவிட்டது. படையைக் கலைக்கச் சொல்கிறாள், நாட்டைத் தூக்கி எதிரியிடம் கொடுக்கச் சொல்கிறாள் என்று அட்டையில் இல்லாததையெல்லாம் வாசித்தார்கள். ஊர் வாசித்ததை அவள் தட்டிவிட்டுப் போய்விடுவாள். உடன்பிறந்த அண்ணன் ராஜபாண்டியனும் அப்படியே வாசித்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவர் விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருப்பவர். மகன் ஹரிபிரசாத் ராணுவத்தில், அந்த எல்லையிலேயே நிற்கிறான். அவனுக்குச் சோறூட்டி வளர்த்ததே கற்பகம்தான். அங்கே எப்போதாவதுதான் போன் கிடைக்கும். கிடைத்தால் அப்பாவைத்தான் கூப்பிடுவான். சண்டை தொடங்கியதிலிருந்து அண்ணன் அவள் வாசலை மிதிக்கவில்லை. பிள்ளை பேசினானா என்றுகூடச் சொல்வதில்லை. சிரித்துக்கொண்டு திரிந்தாலும் உள்ளே அதுதான் அவளை அரித்தது.

போன சனிக்கிழமை அவரே பைக்கில் வந்து, அட்டையோடு நின்றவளுக்கு எதிரே நிறுத்தினார்.

“எம்மவன் அங்கன துப்பாக்கி பிடிச்சு நிக்கான். நீ இங்கன அதைக் கீழ போடச் சொல்லி நிக்கே.”

“அவன் பிடிச்சபடியே நிக்கட்டும்ணே. சுடச் சொல்ற ஆளுக முதல்ல பேசிப் பாக்கட்டும்னுதான் சொல்றேன். சோலைச்சாமி அண்ணாச்சிகிட்ட நீங்க பேசலையாக்கும்?”

சோலைச்சாமி பக்கத்துக் கம்பெனிக்காரர். வண்டிப்பாதைத் தகராறில் இருவருக்கும் கோர்ட்டில் வழக்கு. நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. ஆனால் கழிவுப் பட்டாசு மருந்தை எரிக்கிற நாளில், முன்கூட்டி எச்சரிக்க ராஜபாண்டியனின் முதல் போன் அவருக்குத்தான். அவரும் அப்படியே. சுவருக்கு இரண்டு பக்கமும் கிடப்பது வெடிமருந்தல்லவா!

“பாதையை விட்டுக் குடுத்திட்டா போன் போடுறீக? கேஸும் நடக்கு, பேச்சும் நடக்கு.”

“அதுவும் இதுவும் ஒண்ணா?” என்றார் அவர். வண்டியைத் திருப்பினார். போன் அடித்தது. மகன்தான். சாப்பிட்டியா, அங்கன குளிரா என்று கேட்டவர், பிறகு மகன் சொன்னதைக் கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில் போனைத் தங்கையிடம் நீட்டினார்.

“உன்னையக் கேக்கான்.”

கற்பகம் அட்டையை அண்ணன் கையில் திணித்துவிட்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினாள். “ஏலே ராசா” என்றாள். அட்டையின் முருகன் பக்கத்தையா எழுத்துப் பக்கத்தையா, எதைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு அவர் நிற்கிறார் என்று தான் பார்த்துவிடக் கூடாதென்று, அண்ணனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.